கட்டைவிரல் முப்பது, சுண்டுவிரல் ஏழு

வேலூர், ஆம்பூர், தோல் தொழில்னு சொன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது பாலாறுதான். அடுத்தது 1996 ஆகஸ்ட் 28ல வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட அந்த வழக்கைப் பத்தி எழுதாத ஆளே கிடையாது. டேனரித் தண்ணியால கெட்டுப்போன நிலத்துக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைச்சாங்க. 2001ல அந்த ஆணையம், பாதிக்கப்பட்டவங்க 29,193 பேருன்னு கணக்கெடுத்து 547 டேனரிகள் சுமார் 26.82 கோடி ரூபாய் தரணும்னு சொன்னது. அதோட தொடர்ச்சியா 2025 ஜனவரி 30ல உச்சநீதிமன்றம் மறுபடி ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்திருக்கு. நிலத்தோட கணக்கு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

நான் எழுத வந்தது அதுக்குப் பக்கத்துலயே இருக்கற, யாரும் அதிகம் பேசாத இன்னொரு கணக்கு. டேனரிக்குள்ள நின்னு வேலை பார்த்தவன் கையோட கணக்கு. விரல் போனா எவ்வளவு? கொடுத்த காசை "ஜாஸ்தியா குடுத்துட்டோம், திருப்பிக் குடு"ன்னு கேட்டா என்ன பண்றது? "ரெண்டு லட்சம் இன்சூரன்ஸ்"னு எழுதி வச்சிருக்காங்களே, அது யாருக்கு? இதுக்கெல்லாம் பின்னாடி நூறு வருஷ வரலாறு இருக்கு மக்களே. கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கோங்க :-)

1923: வலது கைக்கு ஒரு விலை, இடது கைக்கு ஒரு விலை

வெள்ளைக்காரன் காலத்துல தொழிலாளிக்கு வேலையில அடிபட்டா, முதலாளி மேல தப்புன்னு நிரூபிச்சாத்தான் காசு. கூட வேலை செஞ்சவன் கவனக்குறைவுன்னு ஆயிட்டா அதுவும் கிடையாது. ஜெர்மனி 1884லயும் இங்கிலாந்து 1897லயும் இதை மாத்தி, தப்பு யார் மேலன்னு தேடாம நஷ்டஈடு தர்ற முறையைக் கொண்டுவந்தாங்க. இந்தியாவுக்கு அது 1923ல வந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அமலானது 1924 ஜூலை 1.

அந்தச் சட்டத்தோட கடைசியில ஒரு பட்டியல் இருக்கு. உடம்பை உறுப்பு உறுப்பாப் பிரிச்சு, எது போனா சம்பாதிக்கிற சக்தி எத்தனை சதவீதம் போச்சுன்னு போட்டிருப்பாங்க. முழங்கைக்கு மேல வலது கை போனா 70. அதே இடத்துல இடது கை போனா 60! ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10, மத்த விரல் ஒண்ணுக்கு 5. இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்ன பண்ணுவான்னு பட்டியல் போட்டவங்க முதல்ல யோசிச்சிருக்க மாட்டாங்க போல.

ஆரம்பத்துல இந்தச் சட்டம் ரயில்வே, சுரங்கம், துறைமுகம், இயந்திரம் ஓடுற தொழிற்சாலைன்னுதான் வந்தது. நம்ம ஊர்த் தோல் அப்ப பெரும்பாலும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தொட்டியில ஊறவச்சுப் பதனிடற தோல். சுண்ணாம்புத் தொட்டியில இறங்கி நின்னு கையால புரட்டிப் போடற வேலை. இயந்திரம் இல்லாத டேனரிக்கு அந்தக் கதவு அப்ப திறக்கலை.

ஆனா ஒரு ஆச்சரியம். அதே சட்டத்துல தொழில் நோய்ப் பட்டியல்னு ஒண்ணு உண்டு. முதல் பட்டியல்லயே ஆந்த்ராக்ஸ் இருக்கு. கம்பளி, முடி, தோல், குளம்பு, கொம்பு இதையெல்லாம் கையாளுறவனுக்கு வர்ற நோய்னு தெளிவா எழுதியிருக்கு. பச்சைத் தோலைத் தொட்டா உயிர் போகும்னு 1923லயே சட்டத்துக்குத் தெரியும். குரோமியத்தால வர்ற புண் அப்புறமாச் சேர்ந்தது. நம்ம பக்கம் பட்டைத் தோல் குறைஞ்சு குரோம் தோல் பெருகினது 1970களுக்கு அப்புறம்தான். அரைகுறையாப் பதனிட்ட தோலை ஏற்றுமதி பண்றதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலையும் ஷூவையும் அனுப்புன்னு தள்ளின காலம் அது. அதோட டிரம் வந்தது, பிளெஷிங் மெஷின் வந்தது, ஷேவிங் மெஷின் வந்தது. அதாவது விரலை வாங்குற மெஷினெல்லாம் வந்தது.

எட்டு அங்குலம்

1962ல பட்டியலைத் திருத்தினாங்க. வலது, இடது பேதம் போச்சு. கட்டைவிரல் 25ல இருந்து 30 ஆச்சு. ஆள்காட்டி விரல் முழுசாப் போனா 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில மூணு விரல் போனா 30, நாலும் போனா 50. எலும்பு போகாம ஆள்காட்டி விரல் நுனிச் சதை மட்டும் போனா 5.

பட்டியலைப் படிக்கிறப்ப ஒரு எண் கண்ணை உறுத்தும். தோள்பட்டை நுனியில இருந்து 20.32 சென்டிமீட்டருக்குள்ள கை வெட்டுப்பட்டா 80 சதவீதம், அதுக்குக் கீழேன்னா 70. அது என்ன 20.32? கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்க. சரியா 8 அங்குலம். அதே மாதிரி முழங்கைக்குக் கீழ 11.43 சென்டிமீட்டர்னு ஒரு கோடு இருக்கு. அது நாலரை அங்குலம். அங்குலத்துல போட்ட அளவை அப்படியே பெருக்கி சென்டிமீட்டராக்கி, தசமத்தோட வச்சுட்டாங்க. நம்ம ஊர் ஆளோட கை நீளத்தை யாரும் அளந்து பார்த்து எழுதின மாதிரி தெரியலை.

இதை ஏன் சொல்றேன்னா, இந்த சதவீதத்தைப் பார்த்து "டாக்டர் போட்டுட்டார், சட்டம் போட்டுடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு நம்ம ஆளுங்க எழுந்து வந்துடறாங்க. அது வானத்துல இருந்து விழுந்த எண் இல்லீங்க. ஒரு மேஜையில உட்கார்ந்து நாலு பேர் போட்ட எண். அதோட மல்லுக்கு நிக்கலாம். நின்னு ஜெயிச்சவங்க இருக்காங்க.

ஜெய்ப்பூர் தச்சர்

ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை. ஒரிசாவுல (இப்ப ஒடிஷா) ஜெய்ப்பூர்னு ஒரு ஊர். 1968 ஜூலையில அங்க ஒரு சினிமா தியேட்டர்ல அலங்கார வேலை செஞ்ச தச்சர் ஒருத்தர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல எடுக்க வேண்டியதாப் போச்சு. பட்டியல்ல பார்த்தா இது பகுதி ஊனம்தான்னு முதலாளி வாதாடினார். ஆணையரோ, ஒத்தைக் கையால எவனும் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால இது நூறு சதவீதம்னார். 9,800 ரூபாய் நஷ்டஈடு, அது மேல பாதி அபராதம், வட்டி. முதலாளி விடாம உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். 1975 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் ஆணையர் சொன்னதே சரின்னுடுச்சு. நஷ்டஈடு எப்பலேர்ந்து பாக்கின்னா விபத்து நடந்த நாள்லேர்ந்தேன்னும் சொன்னது. (வழக்குப் பேர் பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபாதா. சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் தெரியும்.)

கை எவ்வளவு போச்சுன்னு மட்டும் பார்க்காதே, அந்தக் கையால அவன் செஞ்ச வேலை எவ்வளவு போச்சுன்னு பாரு. இதுதான் அந்தத் தீர்ப்பு. ஷேவிங் மெஷின்ல தோலைப் பிடிச்சுத் தள்ளுறவனுக்குக் கட்டைவிரல் போனா, வாட்ச்மேன் வேலை வேணும்னா பார்க்கலாம். மெஷின் வேலை போச்சு. இந்த வாதத்தை வைக்காம வெறும் 30 சதவீதத்துக்குத் தலையாட்டிட்டு வர்றது நம்ம பக்கம் சர்வ சாதாரணம்.

சதவீதத்தை விட பெரிய பள்ளம்

அடுத்தது சம்பளம். 1995 திருத்தத்துல இருந்து சூத்திரம் இதுதான்: மாசச் சம்பளத்துல 60 சதவீதம், அதை வயசுக்கு ஏத்த காரணியால பெருக்கி, ஊன சதவீதத்தைப் போடணும். 40 வயசுக்குக் காரணி 184.17. ஆனா சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வச்சிருந்தாங்க. 2000 டிசம்பர்ல இருந்து 4,000 ரூபாய். 2010 மே கடைசியில 8,000. 2020 ஜனவரியில 15,000. நடுவுல விலைவாசி என்ன ஆனாலும் அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 2015ல, ஈ.எஸ்.ஐ. இல்லாத ஒரு சின்ன யூனிட்ல 40 வயசு ஆளுக்கு மாசம் 12,000 சம்பளம். கட்டைவிரல் போச்சு. அவர் சம்பளம் 12,000ன்னு சட்டத்துக்குத் தெரியாது, 8,000தான் தெரியும். 8,000ல 60 சதவீதம் 4,800. பெருக்கினா 8,84,016. அதுல 30 சதவீதம் 2,65,204 ரூபாய். நிஜச் சம்பளத்துக்குப் போட்டிருந்தா 3,97,807. வித்தியாசம் 1,32,000 ரூபாய்க்கு மேல. விரல் போனது ஒரு இழப்புன்னா, உச்சவரம்பைத் திருத்த மறந்தது இன்னொரு இழப்பு.

இதுல பீஸ் ரேட்காரங்க நிலைமை இன்னும் மோசம். பாதிக் கூலி ரிஜிஸ்டர்ல ஏறாது. அடிபட்ட அன்னைக்குத்தான் ரிஜிஸ்டரோட அருமை தெரியும்.

ஆஸ்பத்திரி பில்லும் பச்சைப் பேப்பரும்

எங்க சித்தப்பா ஒருத்தர். 2003ல ஒரு சின்ன யூனிட்ல (பேர் வேண்டாம்) பிளெஷிங் மெஷின்ல வலது கையில மூணு விரல் போச்சு. வயசு 40. சம்பளம் 3,500. அங்கே கணக்கு எழுதறவர் ஒரு மாசம் கழிச்சு வந்து கணக்கு சொன்னாராம். நஷ்டஈடா 40,000 குடுக்கலாம்னு முடிவாச்சு, ஆஸ்பத்திரிக்கு 46,000 ஆயிடுச்சு, ஆக நீதான் 6,000 தரணும், பரவாயில்ல விட்டுடறோம், இதுல கையெழுத்து போடுன்னு ஒரு பச்சைப் பேப்பரை நீட்டியிருக்கார். "இன்னாத்துக்குடா இது, வெரலும் பூடுச்சி, கடனும் ஆயிடுச்சா?"ன்னு சித்தப்பா கேட்ட கேள்வியை எங்க வீட்டுல இன்னைக்கும் சொல்லிச் சிரிப்போம். அன்னைக்கு யாரும் சிரிக்கலை.

அவருக்குத் தெரிஞ்ச யூனியன்காரர் ஒருத்தர்தான் கையெழுத்து போடாதேன்னு தடுத்தார். அவர் சொன்ன மூணு விஷயமும் அப்ப சட்டத்துல இருந்தது. ஒண்ணு, வைத்தியத்துக்கு முதலாளி குடுத்த காசு நஷ்டஈடு ஆகாது, அதைக் கழிக்கக்கூடாதுன்னு 4ஆம் பிரிவுல விளக்கமே போட்டிருக்கு. ரெண்டு, உரிமையை விட்டுக்கொடுத்தேன்னு எழுதி வாங்கினா 17ஆம் பிரிவுப்படி அது செல்லாது. மூணு, ஒத்துக்கிட்டோம்னு ஒப்பந்தம் போட்டா அதை ஆணையர்கிட்ட பதிவு பண்ணணும், தொகை குறைவுன்னா பதிய மாட்டேன்னு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுல தொழிலாளர் துறை அதிகாரிதான் அந்த ஆணையர்.

மூணு விரலுக்கு 30 சதவீதம். 3,500க்குக் கணக்கு போட்டா 1,16,027 ரூபாய். வேலூருக்கு ஒன்றரை வருஷம் பஸ்ல அலைஞ்சு, வட்டியோட வாங்கினார். 6,000 கடன்காரர்னு சொல்லப்பட்ட ஆளு!

ஈ.எஸ்.ஐ: திருப்பிக் கேட்க முடியறதும் முடியாததும்

ஈ.எஸ்.ஐ. இருக்கற இடத்துல கதை வேற. பேராசிரியர் அடார்கர் 1944ல குடுத்த அறிக்கையில இருந்து பொறந்தது 1948 சட்டம். 1952 பிப்ரவரி 24ல கான்பூர்லயும் டெல்லியிலயும் ஆரம்பிச்சாங்க. ஈ.எஸ்.ஐ.ல இருக்கறவனுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் கிடையாது, ரெண்டுல ஒண்ணுதான். விரல் பட்டியல் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு.

பெரிய வித்தியாசம், இங்க மொத்தமாக் குடுக்க மாட்டாங்க. உயிரோட இருக்கற வரைக்கும் மாசாமாசம் வரும். அதே 12,000 சம்பளக்காரர், ஒரு நாளைக்கு 400. அதுல 90 சதவீதம் 360. அதுல 30 சதவீதம் 108 ரூபாய். மாசம் 3,240, வருஷம் 38,880. முன்ன சொன்ன 2,65,204ஐ ஏழு வருஷத்துக்குள்ள தாண்டிடும். மொத்தமா ஒரு தொகை கைக்கு வரலையேன்னு வருத்தப்படறவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

இப்ப, திருப்பிக் கேட்கற விவகாரம். தகுதி இல்லாம வாங்கின பணத்தைத் திருப்பித் தரணும்னு 1948 சட்டத்துல 70ஆம் பிரிவு இருந்தது. தராட்டி நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணலாம். அடிபட்டு லீவுல இருந்து தற்காலிக ஊனப் பணம் வாங்குறப்ப, "சும்மா வந்து உட்காரு, லைட் வேலை"ன்னு மேஸ்திரி கூப்பிட்டு மஸ்டர்ல பேர் ஏத்திட்டா, அந்த நாளுக்குக் கூலியும் வரும், ஈ.எஸ்.ஐ. பணமும் வரும். 63ஆம் பிரிவுப்படி ரெண்டும் சேர்ந்து வாங்கக்கூடாது. மாட்டிக்கிறது தொழிலாளிதான், கூப்பிட்ட மேஸ்திரி இல்லை.

ஆனா அந்த 63ஆம் பிரிவு நோய்ப் பணத்தையும் தற்காலிக ஊனப் பணத்தையும்தான் சொன்னது. நிரந்தர ஊனப் பணத்தைச் சொல்லவே இல்லை. மூணு விரல் இல்லாதவன் மறுபடி வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் அந்தப் பணம் நிக்காது, நிக்கவும் கூடாது. அது போன விரலுக்கு. "வேலைக்குப் போனா பென்ஷன் கட், வாங்கினதையும் பிடுங்கிடுவாங்க"ன்னு பயந்துக்கிட்டு, கணக்குல வராத இடத்துல பாதிக் கூலிக்குப் போறவங்களை நான் பார்த்திருக்கேன். இந்தப் பதிவை நான் எழுதறதே முக்கியமா இதுக்குத்தான்.

திருப்பிக் கேட்கற கடிதம் வந்தா அது சரியாத்தான் இருக்கும்னும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவுல ரோபோடெட்னு ஒரு கூத்து நடந்தது. உதவித்தொகை வாங்கினவங்களோட வருஷ வருமானத்தை 26ஆல வகுத்து, ரெண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதிச்சிருப்பேன்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணி, லட்சக்கணக்கான பேருக்குக் கடன் நோட்டீஸ் போச்சு. சீசனுக்கு வேலை, சீசன் இல்லாட்டி பட்டினின்னு இருக்கறவனுக்கு சராசரி எப்படிப் பொருந்தும்? 2019ல அது சட்டப்படி செல்லாதுன்னு ஆச்சு. 2023 ஜூலையில விசாரணைக் கமிஷன் அறிக்கையும் வந்தது. அரசாங்கமே தப்புக் கணக்கு போடும். எந்தெந்த நாளுக்கு, எந்த மஸ்டர்படின்னு எழுத்துல கேட்கறது நம்ம உரிமை.

ரெண்டு லட்சம் யாருக்கு?

2015 மே 9ல பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா வந்தது. அப்ப வருஷத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூன்ல இருந்து 20 ரூபாய். நல்ல திட்டம்தான், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். விபத்துல செத்தா 2 லட்சம். முழு ஊனம்னா 2 லட்சம், பகுதி ஊனம்னா 1 லட்சம். இவ்வளவுதான் எல்லார் மனசுலயும் நிக்கிது. விதியில பகுதி ஊனம்னா என்ன தெரியுமா? ஒரு கண்ணுல பார்வை முழுசாப் போகணும், இல்லாட்டி ஒரு கையோ ஒரு காலோ பயன்படாமப் போகணும். கட்டைவிரல் போனா? சுழி. 1923ல வெள்ளைக்காரன் போட்ட பட்டியல்ல கூட 25 இருந்தது.

"பகுதி ஊனம்"ங்கற ஒரே வார்த்தைக்கு ரெண்டு காகிதத்துல ரெண்டு அர்த்தம். முதலாளி எடுக்கற பாலிசியும் இப்படித்தான். தாமதத்துக்கு விழற வட்டியை எங்க தலையில கட்டாதேன்னு இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியில எழுதிக்கிட்டா அது செல்லும்னு 2006ல உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கு. அப்ப அந்த வட்டி முதலாளி கணக்கு. இன்சூரன்ஸ் தரலை, அதனால நானும் தர மாட்டேன்னு அவர் சொல்ல முடியாது.

பட்டியல்ல இல்லாத விரல்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிற பெண்கள் எத்தனை பேர்! ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. ஊசி ஏறின விரலுக்கு எந்தப் பட்டியல்? யாரு முதலாளின்னே தெரியாத வேலை. ஆனா வழி அடைபட்டுடலை. வீட்டுல பீடி சுத்தறவங்களும் தொழிலாளிதான், பி.எஃப். உண்டுன்னு உச்சநீதிமன்றம் 1985லயே சொல்லியாச்சு. பீடிக்குச் சொன்னது ஷூவுக்கும் பொருந்தும்னு யாராவது கேட்டு நிக்கணும்.

2025 நவம்பர் 21ல இருந்து பழைய ரெண்டு சட்டமும் போய், 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கு. பிரிவு எண்களெல்லாம் மாறிடுச்சு. ஊனப் பட்டியலும் நோய்ப் பட்டியலும் அதுக்குள்ள குடியேறிடுச்சு. அதனால மேல நான் சொன்ன எண்ணை வச்சுக்கிட்டு மனு எழுதாதீங்க, புதுசைப் பார்த்து எழுதுங்க. (இப்ப ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். 2019ல பிரிச்சது. எந்த ஆபீசுக்குப் போறதுன்னு முதல்லயே விசாரிச்சுட்டுப் பஸ் ஏறுங்க.)

உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாருக்காவது இப்படி ஆச்சுன்னா மூணே விஷயம். எதுலயும் அன்னைக்கே கையெழுத்து போட வேண்டாம். சம்பளச் சீட்டு, மஸ்டர், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கட்டும். சதவீதம் யார் போட்டது, எந்தச் சம்பளத்துக்குப் போட்டதுன்னு ரெண்டு கேள்வி கேட்கட்டும். கேட்டாலே பாதி கணக்கு மாறும்.